உப்பும் வெல்லமும் பழைய சேலையும்: வங்கதேச வீடுகளில் நடந்த ஆய்வுகள்

ஒரு பொருளின் இயல்பை அறிந்து கொள்வதற்காகச் செய்யப்படுவதை அடிப்படை ஆய்வு என்பார்கள். அப்படி அறிந்ததைக் கொண்டு மக்களின் ஒரு குறிப்பிட்ட சிரமத்தைத் தீர்க்க முயல்வது பயன்பாட்டு ஆய்வு. இரண்டாவது வகை எளிதானது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை ஒரு தாயின் அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் பல ஆண்டுகள் கடந்து விடுகின்றன. மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகிய மூன்று துறைகளிலும் இதைத் தெளிவாகக் காட்டும் நாடு வங்கதேசம்.

காலரா நோய் பற்றிய ஆய்வுக்கூடம் ஒன்று 1960ஆம் ஆண்டு டாக்காவில் தொடங்கப்பட்டது. அப்போது அது கிழக்கு பாகிஸ்தான். 1963இல் டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகளும் வாய்க்கால்களும் சூழ்ந்த மத்லப் பகுதியில் கள நிலையம் அமைந்தது. 1966 முதல் அங்குள்ள கிராமங்களில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியவை வீடு வீடாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. இவ்வளவு நீண்ட காலப் பதிவேடு வளரும் நாடுகளில் மிக அரிது. ஒரு புதிய முறையால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா என்ற கேள்விக்கு அங்கே ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காலரா கண்டவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். உயிரைப் பறிப்பது இந்த நீரிழப்புதான். ஊசி வழியாகச் சலைன் ஏற்றினால் பிழைத்துக் கொள்வார். ஆனால் வெள்ளத்தில் மிதக்கும் கிராமத்தில் சலைன் பாட்டிலுக்கு எங்கே போவது? சர்க்கரை இருக்கும்போது குடல் உப்பையும் சேர்த்து உறிஞ்சிக் கொள்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது என்பது 1960களில் தெரிய வந்திருந்தது. காலரா தாக்கிய குடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் டாக்கா குழுவினருடன் சேர்ந்து 29 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். வாய்வழியாகக் கரைசல் பெற்றவர்களுக்குச் சலைன் தேவை சுமார் 80 விழுக்காடு குறைந்தது.

1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவிச் சலைன் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் அல்லாதவர் கையிலும் இந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு இது சான்றானது.

மருந்து கண்டுபிடித்தாயிற்று, சோதித்தாயிற்று. இருந்தும் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்து கொண்டுதான் இருந்தார்கள். இதன் பிறகு நடந்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. மருத்துவ ஆய்வாக இருந்தது இங்கே கல்வி ஆய்வாக மாறியது.

ஃபஸ்லே ஹசன் ஆபித் நிறுவிய பிராக் தொண்டு நிறுவனம், பாக்கெட் கிடைக்காத ஊர்களில் வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டே கரைசல் தயாரிக்கக் கற்றுக் கொடுக்க முடிவு செய்தது. மூன்று விரலால் எடுக்கும் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பெண் ஊழியர்கள் குழுக்களாகக் கிராமம் கிராமமாக நடந்து சென்று தாய்மார்களுக்குக் கற்பித்தார்கள். முதலில் ஊழியர் செய்து காட்டுவார். பிறகு அந்தத் தாயே தன் கையால் கலக்க வேண்டும். அவர்கள் கலந்த கரைசல்களின் மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டு, உப்பின் அளவு பார்க்கப்பட்டது. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இந்தச் சோதனையை அவர்களால் விட்டுவிட முடியவில்லை.

ஊழியருக்கு ஊதியம் கொடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்று கணக்கிடவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தேர்ந்தெடுத்த சில தாய்மார்களிடம் கேள்வி கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்பவே ஊதியம். ஹிஃப்ழ் மாணவரிடம் உஸ்தாத் பழைய பாடம் கேட்பதைப் போன்றதுதான் இது. இங்கே மதிப்பெண் மட்டும் மாணவருக்குப் பதிலாக உஸ்தாதுக்குப் போனது!

அப்படியும் முதல் கட்டத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. காரணத்தைத் தேடியபோது, கற்பித்த ஊழியர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தங்கள் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் அவர்களும் மாத்திரையைத்தான் தேடினார்கள். எனவே கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பது முதலில் ஊழியர்களுக்கு விளக்கப்பட்டது. ஆண்களை விட்டுவிட்டு வீட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியதும் தடையாக இருந்தது. அதன்பின் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுக்கும் விளக்கம் அளிக்கப்பட்டது. 1980 முதல் 1990 வரை 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இத்திட்டம் சென்றடைந்தது. வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளின் முன்வரிசையில் இன்று வங்கதேசம் இருக்கிறது.

நம் வீடுகளுக்காக ஒரு குறிப்பு. இன்று மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எளிதாகக் கிடைப்பதால் கைப்பிடி அளவை நம்பத் தேவையில்லை. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவு கொதித்து ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதமிருந்தால் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் துத்தநாக மருந்து கொடுத்தால், பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், சோர்ந்து கிடத்தல், குடிக்க முடியாமை ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழச்சுவை இனிப்புப் பானங்கள் இந்தப் பெயரைத் தாங்கி விற்கப்பட்டு வந்ததால், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. அவற்றில் மிகுந்திருக்கும் சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும்.

அடுத்தது சுற்றுச்சூழல். காலராக் கிருமி குளத்திலும் கழிமுகத்திலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிறு உயிரினங்களின் உடலில் ஒட்டிக் கொண்டிருக்கிறது என்பதைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ரீட்டா கோல்வெல். நீர் சூடாகி இவ்வுயிரினங்கள் பெருகும் பருவத்தில் நோயும் பெருகுகிறது. கிருமியை வடிகட்ட முடியாது, அது மிகச் சிறியது. ஆனால் அது ஏறி வரும் வாகனத்தை வடிகட்டலாம் அல்லவா? கோல்வெல்லும் வங்கதேசத்தைச் சேர்ந்த அன்வர் ஹக்கும் பழைய பருத்திச் சேலையை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்துச் சோதித்தனர். துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழைகளின் இடைவெளி சுருங்கிவிடுவதால், புதுச் சேலையைவிடப் பழையதே மேலானது. மத்லபின் 65 கிராமங்களில் நடந்த சோதனையில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் அக்கிராமங்களுக்குச் சென்றபோது, 31 விழுக்காட்டுப் பெண்கள் இன்னும் நீரை வடிகட்டிக் கொண்டிருந்தார்கள். விட்டவர்கள்தாம் அதிகம். அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

அதே குளத்து நீரிலிருந்து மக்களைக் காப்பதற்காகத்தான் 1970களில் அரசும் யுனிசெஃபும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் அமைத்தன. நிலத்தடி நீரில் கிருமி இல்லை, உண்மைதான். அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993இல் அது கண்டறியப்பட்டபோது கிணறுகள் பல லட்சமாகப் பெருகியிருந்தன. நிறமும் மணமும் சுவையும் இல்லாத நஞ்சு அது. சேலையால் வடியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வரலாற்றிலேயே மிகப் பெரிய அளவில் ஒரு மக்கள்தொகை நஞ்சூட்டப்பட்ட நிகழ்வு என்று 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை இதைக் குறிப்பிட்டது.

அதன் பிறகு கிணறுகள் சோதிக்கப்பட்டு, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. டாக்காவுக்கு அருகிலுள்ள ஆராய்ஹசாரில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 10 வயதுப் பிள்ளைகள் 201 பேரைப் பரிசோதித்தது. குடிக்கும் நீரில் ஆர்சனிக் கூடக் கூட, அறிவுத்திறன் தேர்வில் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது. பள்ளியில் பாடம் ஏறாததற்கு வீட்டுக் கிணறும் காரணமாக இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் பெற்றோருக்குத் தெரிந்தது. அங்கே தங்கள் கிணறு ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். பெரும்பாலும் அது அண்டை வீட்டாரின் கிணறு. முன்பின் பேசாதவராக இருந்தாலும் அவர் முற்றத்துக்குக் குடத்துடன் போய் நிற்க வேண்டியிருந்தது.