லம்பக் கோட்டின் சமன்பாடு

சமதளமொன்றில் தரப்பட்ட நேர்கோட்டைச் செங்கோணத்தில் வெட்டி, குறித்த புள்ளி ஒன்றன் வழியே செல்லும் நேர்கோடு, முன்னதற்கு லம்பம் எனப்படும். அதனை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் முறையை, புள்ளி கோட்டின்மேல் அமையும் நிலைக்கும் அதற்குப் புறத்தே அமையும் நிலைக்குமாகத் தனித்தனியே, யூக்ளிட் தமது ‘மூலங்கள்’ நூலின் முதற் புத்தகத்திலேயே வகுத்துவிட்டார். வரையாமல் கணித்தே அறியும் மார்க்கம் பிறந்ததோ, டேக்கார்ட், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு மேதைகள் இருவரும் 17-ஆம் நூற்றாண்டில் க்ஷேத்திர கணிதத்தைப் பீஜகணிதத்தோடு இணைத்த பின்னரே. வளைகோடுகளுக்கு லம்பம் காணும் பிரச்சினையை மிகவும் பயனுள்ளதென்று டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில் போற்றியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

லம்பக் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 கிடைக்கும் என்னும் சூத்திரத்தை மாணவர் நெட்டுருச் செய்வது வழக்கம். ஆயினும் அதன் காரணம் மிக எளிது. வலப்புறம் 4 அலகு செல்லுகையில் 3 அலகு உயரும் கோட்டின் சாய்வு 3/4. அதனைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்பினால், இடப்புறம் 3 அலகு செல்லுகையில் 4 அலகு உயருமாதலால், சாய்வு −4/3 ஆகிறது. ஏற்றமும் ஓட்டமும் இடம் மாறி, ஒன்றன் குறி மட்டும் திரிவதே இந்நியமத்தின் முழு இரகசியம். இரு அச்சுக்களிலும் அலகு சமமாயிராவிடில், இவ்விதிப்படி கண்ட கோடு படத்தில் செங்கோணமாகத் தோற்றாது.

செங்குத்தாக நிற்கும் கோட்டுக்குச் சாய்வு என்பதே இல்லையாகையால், அங்கே இச்சூத்திரம் உதவாது. ஆகவே, கெழுக்களை இடம் மாற்றி ஒன்றன் குறியைத் திருப்பும் பொதுமுறையே, எந்நிலைக்கும் பொருந்துவதால், சிறந்ததென்று கொள்ளல் வேண்டும். கிடைத்தூரத்தை ‘ய’ என்றும் நிலைத்தூரத்தை ‘ர’ என்றும் குறித்து, 3ய + 4ர − 12 = 0 என்னும் கோட்டுக்கு (3, 7) என்ற புள்ளியிலிருந்து லம்பம் காண்போம். விடை 4ய − 3ர + (ஒரு மாறிலி) = 0 என்னும் வடிவினது; புள்ளியைப் பிரதியிட, 12 − 21 என்பதை ஈடுசெய்ய மாறிலி 9 ஆதல் வேண்டும்; எனவே சமன்பாடு 4ய − 3ர + 9 = 0. இவ்விரு கோடுகளும் (0, 3) என்னும் புள்ளியில் சந்திக்கின்றன. அதுவே லம்பத்தின் அடி. அங்கிருந்து (3, 7) வரையுள்ள 5 அலகுத் தூரமே, அப்புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள தூரங்கள் யாவற்றினும் குறுகியது.