வேலையும் வேளையும்: உழைப்பின் மணிக்கணக்கு

'வேலை' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் தரும் பொருள்கள் பல. தொழில் என்பது ஒன்று. பொழுது என்பது ஒன்று. கடலும் கடற்கரையும் வேறு. செய்யுள் வகுப்பில் 'வேலை' என்பதற்குக் கடல் என்று பொருள் சொன்னால் மாணவர் நகைப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். பொழுதும் கரையும் வடமொழி 'வேலா' வழி வந்தன என்பர். தொழில் என்னும் பொருள் எவ்வழி வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். கரை என்பது எல்லை. உழைப்புக்கு எல்லை எது, அதனை வகுத்தவர் யார், எவருக்கு அது வகுக்கப்படாமல் போயிற்று என்பனவே ஈண்டு நாம் நோக்கப் புகும் பொருள்.

பொழுதை அளக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில், பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுது கணித்து அரசனுக்கு அறிவிப்போரைக் காண்கிறோம். நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம், சாமம் எட்டு. எனினும் இவ்வளவையெல்லாம் அரண்மனைக்கும் கோயில் பூசைக்கும் பயன்பட்டனவே யன்றி, உழவனுடைய உழைப்பை அளக்கப் பயன்படவில்லை. அவனுக்குக் கதிரவனே கடிகாரம். கூலியும் நாளுக்கே உரியது. 'நாட்கூலி' என்னும் சொல்லே அதற்குச் சான்று. ஒரு வாரத்துக்கு எத்தனை மணி என்று கேட்பதற்கு ஆலைச் சங்கும் சுவர்க்கடிகாரமும் வரவேண்டியிருந்தது.

ஆலைக் கணக்கும் கதிரவன் கணக்கும் அடுத்தடுத்து வாழ்ந்த இடத்துக்குச் சிங்கப்பூரின் காத்தோங் நல்ல எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் இது தென்னந்தோப்புகள் நிறைந்த கடற்கரை. பின்னர்ச் செல்வர்களுடைய கடலோர மாளிகைகள் எழுந்தன. இன்று கடலைத் தேடி நடக்கவேண்டும்; 1966இல் தொடங்கிய கடல் நிரப்பு வேலை கரையைத் தொலைவுக்குத் தள்ளிவிட்டது. சிலோன் சாலையிலுள்ள செண்பக விநாயகர் ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழருள் பலர் அரசாங்க எழுத்தர்கள். அவர்களுக்கு அலுவலகம் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. அதே வட்டாரத்து மாளிகைகளில் தோட்டம் கொத்தியவர்க்கும், குதிரை வண்டி ஓட்டியவர்க்கும், பிள்ளை வளர்த்த ஆயாக்களுக்கும் அப்படி ஒரு நேரம் இருந்ததில்லை. வீட்டுக்காரர் விழித்தால் அவர்களுக்கு வேலை, உறங்கினால் ஓய்வு. எழுத்தர் வேலை நேரத்தைப் பதிவேட்டில் இன்றும் காணலாம். மற்றவர் உழைத்த மணிகளை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஜொகூர்த் தோட்டப் பள்ளியொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் இரப்பர்த் தோட்டத்துக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பால் மரத்துக்குத் தன் வேளை ஒன்று உண்டு. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிக்கிருக்கும். அப்பொழுது பட்டையைச் சீவினால் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏறினால் ஒழுக்குக் குறையும். மழை பெய்தால் வெட்டே இல்லை. ஆகவே வேலை நேரத்தை வகுத்தவர் துரையும் அல்லர், அரசாங்கமும் அன்று, மரமே வகுத்தது. அதற்கேற்ப மனிதரை எழுப்பியது பிரட்டு. இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் கூட வேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். 'பரேட்' என்னும் ஆங்கிலப் படைச்சொல் நம் மக்கள் நாவில் பிரட்டாயிற்று. கூப்பிடும் நேரத்தில் இல்லாதவருக்கு அன்று பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலியும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வழக்கே. அங்கே முழுப்பேர், அரைப்பேர் என்று ஒரு நாளையே இரண்டாக வகுத்தனர். மனிதனுடைய பெயர் அவனுடைய ஒரு நாள் உழைப்புக்கு அளவுப் பெயராக மாறியதைத் தமிழாசிரியர் ஆகுபெயர்ப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் இளமையில் கண்ட ஒரு வழக்கமான நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்தரை மணிக்குப் பிரட்டு. ஆறு மணியிலிருந்து முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி முடிக்கப் பத்து மணி ஆகும். பால் ஒழுகி முடியக் காத்திருந்து, மங்கு மங்காக வாளியில் ஊற்றி, காண்டா போட்டுச் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுத் திரும்ப ஒரு மணி. ஆக ஏழரை மணி நேரம்; ஆறு நாளுக்கு 45 மணி. இது மிகையான கணக்காகத் தோன்றாது. ஆனால் இது ஆணுடைய கணக்கு. பெண் மூன்றரை மணிக்கே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பிரட்டுக்கு வரவேண்டும். அந்த இரண்டு மணியைச் சேர்த்தால் வாரத்துக்கு 57 ஆகிறது. பிற்பகலில் துவைப்பதும் விறகு பொறுக்குவதும் இதில் சேரவில்லை. ஒரே நிரையில் ஒரே மரத்தை வெட்டிய இருவருடைய வாரமும் 12 மணி வேறுபட்டதை எந்தப் பேரேடும் காட்டாது.

இக்கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. வெட்டுக்காரருக்குக் கூலி பெரும்பாலும் மணிக்கன்று, மரத்துக்கும் பாலுக்குமே. கொடுத்த மரங்களைத் தனியாக முடிக்க இயலாதபோது மனைவியும் மக்களும் கைகொடுப்பர். ஒட்டுப்பால் உரிக்கவும், மங்கு துடைக்கவும் சிறுவர் போவர். அவர்கள் உழைத்த நேரம் தகப்பன் பேரில் மறைந்துவிடும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அதன் பயனாகத் தோன்றியவை. காலை வருகைப் பதிவேட்டில் இடம் காலியாக இருந்தால், அப்பிள்ளை எங்கே என்று ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை; எந்த நிரையில் என்று கேட்டாலே போதுமானதாயிருந்தது. அந்நாளையப் பதிவேடுகளை வேலை நேர வரலாற்றுக்கு மூலச் சான்றாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

தோட்டத்து வேலை நேரம் வெளிப்படையான கோரிக்கையாக எழுந்தது 1941இல். கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. மேலே நாம் கண்ட ஏழரை மணி எப்படிப் பன்னிரண்டாகும் என்று வினவலாம். வெட்டு முடிந்த பின்பு களை பிடுங்கவும் காடு திருத்தவும் அழைத்தால் ஆகும். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இக்கோரிக்கைப் பட்டியலில் சைக்கிளைப் பற்றியே பலரும் நினைவுகூர்வர். மணி நேரத்தைப் பற்றிய வரி அதனால் மங்கிவிட்டது.

அதற்குள் உலகம் எட்டு மணி நேரத்தைப் பேசத் தொடங்கி நெடுங்காலமாகியிருந்தது. மெல்போர்ன் கல்தச்சர் 1856இலேயே அதனைப் பெற்றனர். சிக்காகோவில் 1886 மே மாதம் நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே. 1919இல் வாசிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று உடன்படிக்கை செய்தது. ஆனால் அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று தனி விதி வைத்தனர். அதற்கு முன் 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆண்களுக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை இடம் கொடுத்திருந்ததாகலின், 60 என்பதும் இந்தியத் தொழிலாளிக்கு ஓர் ஏற்றமே. 1918 ஏப்ரலில் வாடியா, திரு.வி.க. முதலியோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு, பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நண்பகல் உணவுக்குக் கொடுத்த குறுகிய இடைவேளையும் ஒரு காரணம். 60 என்பது 1934இல் 54 ஆகி, விடுதலைக்கு முந்திய ஆண்டில் 48 ஆயிற்று.

இங்கே இரண்டு குறிப்புகள் தேவை. பிரிட்டன் அந்த 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஒருபோதும் ஏற்றுறுதி செய்யவில்லை. மேலும் அது ஆலை, சுரங்கம், இருப்புப்பாதை முதலியவற்றுக்கே உரியது. வேளாண்மை அதன் எல்லைக்கு வெளியே நின்றது. ஆகவே சென்னையில் நூல் நூற்ற தமிழனுக்கு 60 மணி என்றாவது ஒரு கரை இருந்தது. கப்பலேறி மலாயாவில் பால் வெட்டிய அவன் தம்பிக்கு அந்த உடன்படிக்கையால் ஒரு கரையும் இல்லை.

சிங்கப்பூரில் கடைச் சிப்பந்திகளுக்கும் எழுத்தர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் 1957இல் வந்தன. சிராங்கூன் சாலைத் துணிக்கடையிலோ மளிகைக் கடையிலோ உண்டு உறங்கி வேலை பார்த்த ஊர்க்காரப் பையனுக்கு, வேலை நேரம் என்று ஒன்று உண்டு என்பதே புதிய செய்தி. கடை முதலாளி பெரும்பாலும் உறவினர், அல்லது ஒரே ஊர். 'மாமா, நேரமாயிற்று' என்று சொல்ல வாய் வருமா? சட்டம் வந்த பின்பும் உறவு முறை அதனைப் பல கடைகளில் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பல சட்டங்களையும் ஒன்றாக்கி 1968 ஆகஸ்ட் 15இல் நடப்புக்கு வந்தது வேலை நியமனச் சட்டம். வாரத்துக்கு 44 மணி என்பது பொது அளவாயிற்று. வரையறையின்றி உழைத்தவர்க்கு அது காப்பு. அதுவரை 39 மணி பார்த்த அலுவலகத்தாருக்கு அது சுமை. ஒரே எண் ஒருவருக்கு இறக்கமாகவும் மற்றவருக்கு ஏற்றமாகவும் அமைந்தது. அதே ஆண்டில் பொது விடுமுறைகளும் பதினொன்றாகக் குறைக்கப்பட்டன. அக்குறைப்பில் தமிழர் இழந்தது தைப்பூசம். இதனைச் சமயச் செய்தியாக மட்டும் எண்ணுகிறோம். உண்மையில் அது வேலை நேரச் செய்தியும் ஆகும். பாலத்துக்கு அப்பால் ஜொகூரில் தைப்பூசம் விடுமுறை நாளாகவே இருந்து வருவதால், ஆண்டுதோறும் அந்த ஒரு நாள் இருகரைத் தமிழர்க்கும் வெவ்வேறாகக் கழிகிறது.

44 என்னும் எண் எல்லாருடைய வாரத்தையும் காட்டுவதில்லை. மிகை நேரம் மாதத்துக்கு 72 மணி வரை சட்டப்படி செய்யலாம். வாரக் கணக்கில் ஏறக்குறைய 17 சேர்ந்து 61 ஆகிறது. காவல் பணியாளர்க்கோ நெடுங்காலம் இவ்வரம்பிலிருந்தும் விலக்களிக்கப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 1 முதல்தான் அவ்விலக்கு நீங்கியது. பன்னிரண்டு மணி முறைக்காவல் வாரத்துக்கு ஆறு நாள் என்றால், உணவு வேளை உட்பட 72 மணி வாயிலில் கழியும். விடியுமுன் பாலம் கடந்து வரும் மலேசியத் தமிழர் பலர் செய்வது இவ்வேலையே. பாலத்தில் கழியும் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

அரசாங்க அலுவலகங்கள் 2004இல் ஐந்து நாள் வாரத்துக்கு மாறின. அதே நகரில் இல்லப் பணிப்பெண்கள் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் புறத்தே நின்றனர். அவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி 2013 ஜனவரி 1இல்தான் வந்தது. அதனையும் ஊதியம் கொடுத்து ஈடு செய்யலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் பணமாக மாற்றாமல் ஓய்வாகவே கொடுக்கவேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ளது. காத்தோங் மாளிகைகளின் பழைய ஆயாக்களை மேலே குறித்தேன். அவர்களுடைய இடத்தில் இன்று வேறு நாட்டுப் பெண்கள், தமிழ்நாட்டுப் பெண்கள் உட்பட, இருக்கின்றனர். நாளொன்றுக்கு இத்தனை மணி என்னும் வரம்பு அவர்களுக்கு இன்னும் எழுதப்படவில்லை.

ஆசிரியர் நேரமும் இவ்வாறே பாதி மறைந்து கிடப்பது. வகுப்பில் நிற்கும் பாட வேளையை மட்டும் கண்டு 'அரைநாள் வேலை' என்று சொல்வோர் உளர். பொருளாதார ஒத்துழைப்பு நிறுவனம் 2013இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு ஏறக்குறைய 48 மணி உழைப்பதாகக் கண்டனர். அதில் கற்பித்தல் 17 மணியே. ஆய்வில் பங்குகொண்ட நாடுகளின் சராசரி 38 மணி; கற்பித்தலோ 19. குறைவாகக் கற்பித்து மிகுதியாக உழைக்கும் இவ்விந்தைக்குக் காரணம் தேடினால், திருத்தும் பணிக்கே அங்கு வாரத்துக்கு 9 மணி அளவில் செல்வது தெரியும். தமிழ்க் கட்டுரை ஏடுகளைத் திருத்துவோர் சந்திப்பிழை ஒவ்வொன்றையும் சுழித்தால் அந்த ஒன்பதும் போதாது.

மணிக்கணக்கு ஒருமுறை குறைந்தால் குறைந்தவாறே நிற்கும் என்று எண்ணுதல் வேண்டா. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21இல், நாளுக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

மலேசியாவில் வாரத்துக்கு 48 ஆக இருந்த வரம்பு 2023 ஜனவரி 1 முதல் 45 ஆயிற்று. நாம் மேலே கணக்கிட்ட வெட்டுக்காரருடைய வாரமும் 45தான்; ஆனால் அவர் வெட்டிய மரங்கள் பல இன்று இல்லை. ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. லயங்களில் இருந்தோர் நகருக்குப் பெயர்ந்தனர். குலை வெட்டுவோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர். அவர்களுக்கும் பிரட்டு உண்டு. கூலி குலைக்கோ எடைக்கோ தான் கணக்கிடப்படுகிறது.