பஞ்சும் ஆட்டுமயிரும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

நமது திருமறையை எபிரெய மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் மாணவர் ஒரு புதுமையைக் காண்பர். ஏசாயா 1:18-இல் பாவம் வெளுத்து எதைப் போலாகும் என்று தீர்க்கதரிசி கூறுகிறாரோ, அதற்கு மூலத்திலுள்ள சொல் 'செமெர்' என்பதாம். செம்மறியாட்டின் மயிர் என்பதே அதன் பொருள். நமது பழைய மொழிபெயர்ப்போ அங்கே 'பஞ்சு' என்கிறது. சங்கீதம் 147:16-இலும் அவ்வாறே. ஆனால் அதே சொல் உபாகமம் 22:11-இலும் நீதிமொழிகள் 31:13-இலும் 'ஆட்டுமயிர்' என நேராகவே பெயர்க்கப்பட்டுள்ளது. உபாகமத்தில் ஆட்டுமயிரோடு கலக்கலாகாதென விலக்கப்பட்ட சணல்நூல் தமிழில் பஞ்சுநூலாகிவிட்டமையால், ஓரிடத்தில் ஆட்டுமயிருக்கு எதிராக நிற்கும் பொருளே மற்றோரிடத்தில் அதற்குப் பதிலாகவும் நிற்கிறது! இதை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இதற்கு விடையை அகராதியில் தேடுவதினும் கம்பம் பள்ளத்தாக்கில் தேடுவது நலம்.

1996-இல் மதுரையிலிருந்து பிரிந்த தேனி மாவட்டம் பஞ்சின் நாடு. தேனியின் பருத்தி வாணிகமும், ஆண்டிபட்டிப் பகுதியின் கைத்தறியும், போடி, வருசநாட்டு மலைச்சரிவுகளின் இலவம்பஞ்சும் யாவரும் அறிந்தவை. ஆடுகளும் உண்டு. 1895-இல் பெரியாற்று நீர் மலைச்சுரங்கத்தின் வழியே இறங்கிய பின்னர் நெல்வயல்கள் பெருகின. அறுவடையான வயலில் கிடை அமர்த்துவது உழவருக்குப் பெரும் பயன். எனினும் தென்மாவட்டங்களின் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் கத்தரிக்கத்தக்க மயிர் உடையன அல்ல. அவை இறைச்சிக்கும் எருவுக்குமே வளர்க்கப்படுகின்றன. மேய்ப்பனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்ட சபையார், மயிர் கத்தரிக்கிறவன் முன் நிற்கும் ஆட்டைத் தம் ஊரில் கண்டிருப்பது அரிது.

மயிருக்கென ஆடு வளர்த்தவர் கன்னடம் பேசும் குறும்பர். அவர்தம் ஆட்டிற்குக் 'குரும்பை' என்றே பெயர். 1982-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட ஆச்சாரியாவின் நூல், இவ்வகையில் ஒன்றான கோயம்புத்தூர் ஆடு அன்றைய கோவை, மதுரை மாவட்டங்களிலும் கேரள எல்லையிலும் காணப்பட்டதெனக் குறிக்கிறது. கத்தரித்த மயிரை வில்லால் அடித்து, கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி, குழித்தறியில் நெய்வர். மெரினோ ஆட்டின் மயிரைவிட இது ஏறத்தாழ இருமடங்கு பருமனானது. வெண்ணிற மயிரும் இதில் உண்டெனினும், மக்கள் கண்ட கம்பளி பெரும்பாலும் கருமையானது, உடலை உறுத்துவது, மழைக்குக் கொங்காணியாய்க் கவிழ்ப்பதற்குரியது. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்குக் கம்பளி கொடுத்து அதன் விலையைக் கூலிக்கணக்கில் பற்றெழுதுவது வழக்கமாயிருந்தது. 'கம்ளி' என்று துரைமாரின் ஆங்கிலத்திலும் அச்சொல் ஏறிற்று.

குறும்பருக்கோ அது இழிந்த பொருளன்று. கன்னட நாட்டுக் குருபரிடையே திருமணக் கங்கணத்தைப் பஞ்சுநூலால் கட்டுவோர், ஆட்டுமயிர் நூலால் கட்டுவோர் என இரு பிரிவினர் உண்டென்று 1909-இல் தர்ஸ்டன் எழுதினார். பஞ்சா மயிரா என்பது அங்கே குலத்தையே பிரிக்கும் கேள்வி.

இப்போது மொழிபெயர்ப்பாளரிடம் திரும்புவோம். பவர் ஐயரைத் தலைவராகக் கொண்ட குழுவின் திருத்தம் 1871-இல் வெளிவந்தது. 'கம்பளியைப் போலாகும்' என்று எழுதியிருந்தால் தமிழ்ச் செவி வெண்மையையன்று, கருமையையே எண்ணியிருக்கும். ஆடை, தொழில், பிரமாணம் ஆகியவற்றைப் பேசும் இடங்களில் ஆட்டுமயிரை நிலைநிறுத்தி, வெண்மைக்கு உவமை வேண்டிய இடங்களில் பஞ்சை அழைத்தது அறிவுள்ள செயலென்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் இதனால் ஒரு பொருள் நழுவிற்று. ஏசாயா சிவப்புக்கு ஆளும் சொற்களுள் 'தோலா' என்பது புழுவைக் குறிக்கும். கர்வாலி மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயமே அது. பருத்தி இத்தகைய சாயத்தை எளிதில் ஏற்காது. ஆட்டுமயிரோ புரதத்தாலானது, படிகாரத்தின் உதவியால் சாயம் அதன் உள்ளே சென்று பிணைந்துகொள்கிறது. பண்டைக் கிழக்கில் சாயம் ஏற்றப்பட்டதும் பெரும்பாலும் ஆட்டுமயிரே. எனவே தீர்க்கதரிசியின் உவமையில் சிவந்ததும் வெளுப்பதும் இருவேறு பொருள்களல்ல. சாயத்தில் தோய்ந்த அதே மயிர், ஆட்டின் முதுகில் இருந்த நாளின் நிறத்துக்குத் திரும்புகிறது. பஞ்சு என்று வாசிக்கும்போது வெண்மை தெரிகிறது. இந்தத் திரும்புதல் தெரிவதில்லை. இப்பகுதியைப் பிரசங்கிக்கும் போதகர் இதை இரண்டு வாக்கியங்களில் விளக்கினாலும் போதும்.

விளக்குவதற்குக் கையில் ஒரு கம்பளியைக் கொண்டு செல்லலாமெனில், பானிப்பட்டு ஆலைகளின் மலிவுப் போர்வைகள் வந்தபின் குறும்பர் தறியின் கம்பளி கிடைப்பது எளிதன்று. தமிழகத்தில் மென்மையான வெண்மயிரைக் காண வேண்டுவோர் உதகைக்கு அப்பாலுள்ள சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது.