பாசறைத் தீயும் பிரவுன்சி தீவும்



பள்ளி விடுமுறை நெருங்கினால் சீருடை இயக்கங்களின் முகாம்களும் தொடங்கிவிடும். முகாம் என்றதும் மாணவர் மனத்தில் முதலில் எழுவது இரவில் எரியும் பாசறைத் தீயே. அத்தீயைச் சுற்றி அமர்ந்து பாடி மகிழும் வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத கசப்பான பக்கமும் ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்தினுள் அமைந்த சிறு தீவு பிரவுன்சி. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அங்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினர். இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து அவர் கூறிய கதைகளைக் கேட்டனர். சாரணர் இயக்கம் அங்கேதான் கருக்கொண்டது. 1908-இல் மலாயாவிலும் 1910-இல் சிங்கப்பூரிலும் அது கால் பதித்தது.

1908-இல் வெளிவந்த தம் நூலில், தீ மூட்டுவதற்கு முன் சுற்றியுள்ள புல்லையும் புதரையும் அகற்ற வேண்டும் என்று பேடன் பவல் வலியுறுத்தினார். அனுபவமற்ற இளையோர் விளையாட்டாக மூட்டிய நெருப்பே பல காட்டுத் தீக்களுக்குக் காரணம் என்றும் எச்சரித்தார்.

1927-இல் மேரி போனம் கிறிஸ்டி என்னும் அம்மையார் அத்தீவை விலைக்கு வாங்கினார். 1934-இல் கடற்சாரணர் சிலர் அங்கு முகாமிட்டிருந்த வேளையில் பெருந்தீ மூண்டது. மேற்கிலிருந்து கிழக்காகப் பரவிய தீ, தீவின் பெரும்பகுதியை விழுங்கியது. காற்றின் திசை மாறியதால் கிழக்குக் கரையிலிருந்த கட்டடங்கள் மட்டும் தப்பின.

தீ எவ்வாறு மூண்டது என்பது தெரியவில்லை. ஆயினும் அம்மையார் சாரணர்களையே குற்றஞ்சாட்டினார். தீவைப் பொதுமக்களுக்கு மூடினார். 1961-இல் அவர் மறையும் வரை, இருபத்தேழு ஆண்டுகள், அக்கதவு திறக்கவேயில்லை. சாரணர் இயக்கம் பிறந்த மண்ணிலேயே சாரணருக்கு இடமில்லாமல் போயிற்று. 1963-இல்தான் தீவு மீண்டும் திறக்கப்பட்டது. 2007-இல் இயக்கத்தின் நூற்றாண்டு விழா அங்கேயே கொண்டாடப்பட்டது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? அச்சிறுவர்கள் குற்றமற்றவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால், தீ மூட்டும் பழக்கமுள்ளவர்கள் மீதே முதலில் ஐயம் விழும். ஆகவே தீயை அணைப்பது மட்டும் போதாது. அணைந்துவிட்டது என்பதை நில உரிமையாளரும் கண்ணால் கண்டு தெளியும்படி இடத்தை ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்பும் பண்பும் சந்திக்கும் இடம் இதுவே.

நம் நாட்டுச் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது தோட்டத் தரையெங்கும் சருகு குவிந்து கிடக்கும். கரிமண் நிலத்திலோ தீ மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே பரவும். மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அத்தகைய இடங்களில் பாசறைத் தீயைத் தவிர்த்து, விளக்கைச் சுற்றி அமர்ந்து பாடுவதே அறிவுடைமை.

தீ மூட்டத்தான் வேண்டுமெனில், முதலில் நில உரிமையாளரிடம் அனுமதி பெறுவோம். தரையைச் சுத்தமாக்கி, வாளிகளில் நீர் நிரப்பி வைத்த பின்னரே தீக்குச்சியை உரசுவோம். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்ற வேண்டா. ஞெகிழிக் குப்பைகளை நெருப்பில் எறிய வேண்டா. காவலுக்கு ஓர் ஆசிரியர் இறுதிவரை இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரமறிந்து பாட்டை முடிப்போம். பிறகு நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் அருகே புறங்கையை வைத்துச் சூடு இல்லையென உறுதி செய்வோம். விடிந்ததும் மறுமுறை பார்ப்போம். புறப்படும்போது உரிமையாளரை அழைத்து இடத்தைக் காட்டி, நன்றி கூறி விடைபெறுவோம்.

விளக்கை வாயால் ஊதி அணைக்காதே என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சமுதாயம் நம்முடையது. நெருப்புக்கு மரியாதை கொடுக்கும் அந்தப் பண்பை முகாமிலும் கற்பிப்போம். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கும் அந்த இடத்தின் கதவு திறந்திருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.