நீலகிரிக் கற்குவைச் சுடுமண் உருவங்களும் அவற்றின் அணிகலன்களும்

நீலகிரி மலைமுகடுகளில் வட்டமாகக் கல்லடுக்கி எழுப்பப்பட்ட ஈமக் கற்குவைகளில் கிடைத்த மட்கலங்கள், தமிழகத்தின் பிற பெருங்கற்கால ஈமக்கலங்களினின்று ஒரு கூறில் தெளிவாக வேறுபடுகின்றன. சமவெளித் தாழிகளின் மூடிகள் பெரும்பாலும் உருவமற்றவை. நீலகிரிக் கலங்களின் மூடிகள்மீதோ எருமை, மயில், குதிரைமேல் அமர்ந்த ஆடவர், பெண்டிர் எனச் சிறு சுடுமண் உருவங்கள் அமைந்துள்ளன.

இவ்வுருவங்களின் உடலமைப்பு மிக எளியது. கைகால்கள் உருட்டிய களிமண் துண்டுகளே. ஆயினும், உடலுக்குக் காட்டாத பொறுமையை அவற்றை வனைந்தோர் அணிக்குக் காட்டியுள்ளனர். மெல்லிய களிமண் இழையைக் கழுத்தைச் சுற்றி ஒட்டி, அதன்மீது குச்சிமுனையால் வரிசையாகப் புள்ளி குத்தினால் அது மணியாரமாகிறது. கீற்றுகள் கூந்தலாகவும் தலையணியாகவும் மாறுகின்றன. விலங்குகளுக்கும் இவ்வணி உண்டு. எருமையின் கழுத்தில் மணி தொங்குகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் தொல்பொருள்களுக்கு 1901இல் வெளிவந்த பட்டியலில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இவ்வுருவங்களின் தலையணிகளைத் தனியே கவனித்துள்ளார்.

எருமையும் அதன் மணியுமே நெடிய விவாதத்திற்கு வித்திட்டன. தோடர் புனித எருமைகளின் மணிகளைப் போற்றுபவர். எனவே கற்குவைகள் அவர்தம் முன்னோருடையவை என்னும் கருத்து வலுப்பெற்றது. அதற்கு முன்னரே, 1847இல், ஹென்றி காங்கிரீவ் தோடரைச் சித்தியராகவே கண்டு இச்சின்னங்களை அவர்களுக்கு உரியனவாக்கியிருந்தார். அணியைக் கொண்டு இனத்தை அறுதியிடும் இவ்வழி நம்பத்தக்கதன்று. தோடர் மட்கலம் வனைவதில்லை. அண்டை வாழும் கோத்தரிடமிருந்தே பெற்றனர். கோத்தருள் கலம் வனைவோர் பெண்களே. தோடர் வாழ்வில் இடமே இல்லாத குதிரையும் இம்மூடிகளில் உண்டு. ஒரே சான்றில் எருமையை எடுத்துக்கொண்டு குதிரையை விட்டுவிடுவது முறையாகாது.

உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் (உதகையில் அவர் பெயரால் இன்றும் ஒரு பள்ளி உண்டு) பல கற்குவைகளை அகழ்ந்தார். 1872இல் அவர் மறைந்தபின், மறு ஆண்டில் அவர்தம் மனைவியின் முயற்சியால் நூல் வெளிவந்தது. கற்குவைகளில் பொன் அணிகளும் மணிகளும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்துள்ளன. அணிந்த பொன்னும் மண்ணில் வடித்த அணியும் ஒரே மரபின் ஈமச்சின்னங்களிலிருந்து வந்தவை. இன்று அவை சென்னையிலும் லண்டனிலும் பிரிந்து கிடக்கின்றன. பொன் நகைப் பிரிவிலும், உருவம் மட்கலப் பிரிவிலும் ஆராயப்படுகின்றன. மூடியினின்று உடைந்து தனித்துப் போன உருவங்கள் எக்கலத்திற்குரியவை என்பதும் பல இடங்களில் அழிந்துவிட்டது.

மேற்கு மெக்சிகோவின் நயாரித், ஹலிஸ்கோ பகுதிகளில் ஆழ்குழிக் கல்லறைகளில் வைக்கப்பட்ட சுடுமண் உருவங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. காதணி, மூக்கணி, உடல்வண்ணம் ஆகியவற்றை நுணுக்கமாகக் காட்டும் அவ்வுருவங்களுள் பெரும்பாலானவை கொள்ளையரால் தோண்டப்பட்டுச் சந்தைக்குச் சென்றவை. நீலகிரியில் தோண்டியோர் அதிகாரிகள். ஆதலின் ஓரளவேனும் பதிவு எஞ்சியுள்ளது. பிரீக்சின் நூலில் உள்ள ஒளிப்படங்களைக் கொண்டு பொன் காதணிகளையும் மண்ணுருவங்களின் காதுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணியை இன்றும் தொடங்க இயலும்.