கோப்பைத் திறந்தது யார்?

நம் நோய்க்குறிப்பை யார் பார்த்தார் என்ற பதிவு ஏன் முக்கியம் என்பதை ஒரு தாதியின் வழக்கைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

பின்லாந்தின் ஓர் அரச வைத்தியசாலையில், கண் பிரிவில் 1989 முதல் 1994 வரை அவர் பணியாற்றினார். எச்.ஐ.வி. தொற்றுக்கு அதே வைத்தியசாலையின் வேறொரு பிரிவில் சிகிச்சை பெற்றார். 1992இல், சக ஊழியர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. அப்போது ஊழியர்கள் எல்லா நோயாளிகளின் பதிவுகளையும் தடையின்றிப் பார்க்க முடிந்தது. 1995இல் அவருடைய தற்காலிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

கோப்பைத் திறந்தது யார் என்று கேட்டார். கடைசி ஐந்து பார்வைகள்தான் பதிவாகும், அதுவும் ஆளின் பெயரில் அல்ல, பிரிவின் பெயரில் என்றார்கள். ஆதாரமில்லை என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்தன.

2008 ஜூலை 17 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. பதிவு வைக்கத் தவறியது வைத்தியசாலை. அப்படியிருக்க நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றலாமா? சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, பாதுகாப்பு நடைமுறையில் வேண்டும் என்றது தீர்ப்பு.

ஆகவே, நம் கோப்பைத் திறந்தது யார் என்று கேட்க நாமும் தயங்க வேண்டாம். அந்தத் தாதியின் பெயரைத் தீர்ப்பும் சொல்லவில்லை. ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்துத்தான்.