ஷெர்லாக்: நாயகனின் வீழ்ச்சி குறித்த ஊகங்கள்

பிரித்தானியத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரான ‘ஷெர்லாக்’கின் இரண்டாம் பருவ இறுதிப் பகுதி, 2012 ஜனவரி 15 அன்று பிபிசி ஒன்று அலைவரிசையில் ஒளிபரப்பானபோது, லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனைக் கூரையிலிருந்து குதித்த நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸ் எவ்வாறு உயிர்தப்பினார் என்பது குறித்து ரசிகர்களிடையே எழுந்த ஊகங்களை இப்பதிவு விளக்குகிறது. எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸ் மாண்டதாக எழுதி, 1903-இல் அவரை மீட்டெடுத்த கதைகளே இத்தொடர்ப் பகுதிக்கு மூலமாகும்.

பகுதியின் இறுதிக் காட்சி ஷெர்லாக்கை உயிருடன் காட்டிவிட்டதால், ஊகங்கள் அவர் பிழைத்த முறையைப் பற்றியே அமைந்தன. மூட்டைகளுடன் நின்ற சரக்கு வண்டி, ஷெர்லாக்கின் நண்பர் வாட்சனை இடித்துத் தள்ளிய மிதிவண்டிக்காரர், நாடித்துடிப்பை மறைக்க அக்குளில் வைக்கக்கூடிய சிறு பந்து, பிணவறையில் பணியாற்றிய மோலியின் உதவி, வேறொருவரின் உடலை மாற்றி வைத்தல் ஆகியவை தடயங்களாக, அதாவது பார்வையாளர் கண்டறிவதற்கென விடப்பட்ட குறிப்புகளாக, எடுத்துக்கொள்ளப்பட்டன.

2014 ஜனவரி 1 அன்று வெளியான அடுத்த பகுதியில், மார்க் கேட்டிஸின் திரைக்கதை இவ்வூகக் கலாசாரத்தையே கதைக்குள் கொண்டுவந்து, ஆண்டர்சன் என்னும் பாத்திரம் நடத்தும் ரசிகர் குழுவின் கற்பனைகளைக் காட்சிகளாக்கியது. காற்றடைத்த மெத்தையில் விழுந்ததாக ஷெர்லாக் தரும் விளக்கத்தையும் ஆண்டர்சன் ஐயுறுவதால், முழுமையாக உறுதிசெய்யப்பட்ட விடை எதுவும் அப்பகுதியில் தரப்படவில்லை.